சுடத் தெரிந்தவர்களுக்கும் வகுப்பு வேண்டும்: துப்பாக்கி சுடும் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கும் பயிற்றுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் பயிற்றுநர்களுக்கும்,

பயிற்றுநர்களின் நேரம் இனிமேல் புதிதாகச் சேருபவர்களுக்கும் இளையோருக்கும் மட்டும்தான் என்று அறிவித்திருக்கிறீர்கள். பல ஆண்டுகளாகப் போட்டிகளில் சுடுபவர்களுக்கு நின்று சுட லேன் உண்டு, வகுப்பு கிடையாது. அவர்களுக்கு ஏற்கெனவே சுடத் தெரியும் என்பது நீங்கள் சொன்ன காரணம்.

பயிற்றுநர்கள் குறைவு, புதியவர்கள் அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும். பாதுகாப்புப் பாடம் முடியாமல் யார் கையிலும் துப்பாக்கியைக் கொடுக்க முடியாது. அதனால் புதியவர்களுக்கு முன்னுரிமை தருவதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. எங்கள் மறுப்பு நீங்கள் சொன்ன காரணத்துக்குத்தான். பழகியவருக்குக் கற்க எதுவும் மிச்சமில்லை, மிச்சமிருந்தாலும் லேனில் நின்று சுட்டுக்கொண்டே இருந்தால் தானாக வந்துவிடும் என்று அந்தக் காரணம் சொல்கிறது. அது வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதை அளவுகளோடு உங்கள் முன் வைக்கிறோம்.

10 மீட்டர் ஏர் ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். டார்கெட்டின் நடுவில் இருக்கும் பத்து என்பது 0.5 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு புள்ளி. பெல்லட்டின், அதாவது ஏர் துப்பாக்கியின் சிறு குண்டின், குறுக்களவு 4.5 மி.மீ.; அதன் ஓரம் புள்ளியைத் தொட்டாலே பத்து. ஆக, பெல்லட்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் 10.0. அங்கிருந்து 0.25 மி.மீ. உள்ளே போகப் போக 0.1 கூடிக்கொண்டே வந்து 10.9இல் நிற்கும். சராசரியாக 10.2 சுடுபவர் 60 ஷாட்டில் 612 எடுப்பார். 10.4 சுடுபவர் 624 எடுப்பார். முன்னவர் இறுதிச் சுற்றை வெளியே நின்று பார்ப்பவர், பின்னவர் அதற்குள் நுழையப் போராடும் நிலையில் இருப்பவர். இருவருக்கும் நடுவே ஒரு ஷாட்டுக்கு இருக்கும் தூரம் அரை மில்லிமீட்டர்.

ஏர் பிஸ்டலில் பத்து வளையம் 11.5 மி.மீ. அகலம். பெல்லட் மையம் 8 மி.மீ.க்குள் இருந்தால் பத்து. பெரிதாகத் தெரியும், ஆனால் குறிபார்க்கும் சைட்டுக்கு (முனையருகே ஒன்று, கண் பக்கம் ஒன்று) வந்து பாருங்கள். ஃப்ரன்ட் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் இடையே 36 செ.மீ. இருக்கும் ஒரு பிஸ்டலில், ரியர் சைட்டின் பள்ளத்துக்குள் ஃப்ரன்ட் சைட் எவ்வளவு விலகுகிறதோ அது 10 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 28 மடங்காகும். அதாவது 0.3 மி.மீ. விலகினால் 8 மி.மீ.க்கு மேல் போய்விடும், பத்து போயிற்று. கை ஆடுவது சுடுபவருக்கே தெரியும். சைட் 0.3 மி.மீ. சாய்வது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அது நடப்பது டிரிகர் விடுபடும் கணத்தில்.

புதியவரின் தவறை டார்கெட்டே காட்டிக்கொடுக்கும். ஐந்து, ஆறு என்று துளைகள் சிதறிக் கிடக்கும். நின்ற விதம், பிடித்த விதம் என்று எதைத் திருத்தினாலும் ஸ்கோர் ஏறும். பழகியவரின் தவறு அவ்வளவு சிறியது, அவ்வளவு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவது. அதுவும் அவருக்குச் சரியாகவே படும். சுடும்போது அவருடைய கவனம் முழுக்க ஃப்ரன்ட் சைட்டில் இருந்தாக வேண்டும். அதே நேரத்தில் தன் மணிக்கட்டையும் தோளையும் விரலையும் அவரே கவனித்தால் ஷாட் கெட்டுவிடும். வெளியிலிருந்து ஒரு ஜோடிக் கண் தேவைப்படுவது இங்கேதான்.

ஒரே ஒரு தவறை அருகில் போய்ப் பார்ப்போம். வலக்கைக்காரர் ஒருவரின் பிஸ்டல் ஷாட் இடப்புறம் கீழே, கடிகாரத்தில் ஏழு மணி எட்டு மணிப் பக்கம் போகிறது. ரேஞ்சில் யாரைக் கேட்டாலும் ‘டிரிகரை இழுத்துட்டீங்க’ என்பார்கள். பல நேரம் அது சரிதான். ஆனால் ஆள்காட்டி விரலோடு சேர்ந்து மற்ற மூன்று விரல்களும் கிரிப்பை இறுக்கியிருக்கலாம். விரல் டிரிகரை நேராகப் பின்னால் கொண்டுவராமல் பக்கவாட்டில் தள்ளியிருக்கலாம். ஷாட் போவதற்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முன்பே மணிக்கட்டு விட்டுக்கொடுத்திருக்கலாம். அல்லது பாதம் கொஞ்சம் நகர்ந்து, உடம்பு இயல்பாகக் காட்டும் திசையே இடப்பக்கம் விலகியிருக்கலாம். கை அதை வலப்பக்கம் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும், டிரிகர் விடுபடும்போது பிடி தளர்ந்து கை பழைய இடத்துக்கே போகும். துளை ஒன்று, காரணம் நான்கு. ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் இருக்கும் நல்ல பழக்கமும் கெடும்.

இதைப் பிரித்தறிய டார்கெட்டைப் பார்ப்பதில் பயனில்லை. பயிற்றுநர் பிஸ்டல் பிடித்த கையின் பக்கமாக, சுடும் கோட்டுக்குப் பின்னால், மணிக்கட்டு தெளிவாகத் தெரியும் தூரத்தில் நிற்க வேண்டும். முதல் பத்து ஷாட்டுக்கு ஸ்கோர் காட்டும் மானிட்டர் பக்கமே திரும்பக் கூடாது. இரண்டு கட்டமாக அழுந்தும் டிரிகரின் இரண்டாம் கட்டத்தில் அழுத்தம் ஏறும்போது நடுவிரல், மோதிரவிரல் மூட்டுகள் வெளுக்கின்றனவா? கட்டைவிரல் அமுங்குகிறதா? இமை துடிக்கிறதா? ஷாட் போன பிறகு டிரிகர் ஒரு விநாடியாவது அழுந்தியபடியே நிற்கிறதா, இல்லை விரல் துள்ளி வெளியே வருகிறதா? தலை எவ்வளவு சீக்கிரம் மானிட்டரை நோக்கித் திரும்புகிறது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்கோரைப் பார்க்கும் அவசரம் கழுத்தில் தொடங்குவது ஷாட் போன பிறகு அல்ல, போவதற்கு முன்னால். ஃபாலோ த்ரூ, அதாவது ஷாட் போன பிறகும் அசையாமல் நிற்கும் பழக்கம், கெடுவதன் முதல் அடையாளம் அதுதான்.

பார்த்தது போதவில்லை என்றால் சோதிக்க வேண்டும். பயிற்றுநரே பிஸ்டலைத் தயார் செய்து, சில முறை பெல்லட்டோடும் சில முறை டிரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் டிரிகர் மட்டும் விடுபடும்) நிலையிலும், எது என்று சொல்லாமல் மேசையில் வைக்க வேண்டும். இரண்டையும் நிரப்பிய துப்பாக்கியாகவே நடத்த வேண்டும், முனை எப்போதும் டார்கெட் பக்கம். டிரை ஃபயரில் ஃப்ரன்ட் சைட் கீழே குத்தினால், வெடிப்பை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே அசைகிறது என்று அர்த்தம். டிரை ஃபயரில் சைட் அசையாமல் நின்று, பெல்லட் போட்ட ஷாட் மட்டும் அதே இடப்புறம் போனால் பாதத்தையும் கிரிப்பையும் சந்தேகிக்க வேண்டும். பாதத்துக்கும் சோதனை எளிது. குறி பார்த்து நின்று, விரலை டிரிகருக்கு வெளியே வைத்தபடி கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். சைட் விலகியிருந்தால் கையால் திருப்பக் கூடாது. பின்பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி சோதிக்க வேண்டும். இவ்வளவுக்கும் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைத்தான் நீங்கள் இப்போது எடுத்துவிட்டீர்கள்.

வகுப்பு இல்லாத இடத்தை நிரப்ப வருவது போகிற போக்கில் சொல்லப்படும் அறிவுரை. அதில் அதிகம் கேட்பது ‘டிரிகரை மெதுவா அழுத்துங்க’ என்பது. வெடுக்கென்று இழுக்கும் புதியவருக்கு அது நல்ல பாடம். பழகியவருக்கு அதுவே தீங்கு செய்யக்கூடும். பிஸ்டலை டார்கெட்டில் குறிவைக்கும் பகுதிக்கு இறக்கி நிறுத்திய பிறகு கை மிகக் குறைவாக ஆடும் நேரம் சில விநாடிகள்தான். பெரும்பாலானவர்களுக்கு ஐந்திலிருந்து எட்டு விநாடிக்குள் அது முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் அடக்கிய மூச்சு உடம்பை நெருக்கும், கையின் ஆட்டம் கூடும், கண்ணில் சைட்டின் பிம்பம் உறைந்துவிடும். சைட் நகர்ந்தாலும் நகராதது போலவே தெரியும். மெதுவாக அழுத்தும் விரல் நல்ல நேரத்தை விட்டுவிட்டுக் கெட்ட நேரத்துக்குள் போகிறது. அங்கே மனம் பதறி ‘இப்போ’ என்று சொல்ல, விரல் இழுத்துவிடுகிறது. பார்ப்பவருக்கு அவசரமாகத் தெரிந்தாலும் மூலக்காரணம் தாமதம். அவருக்கு மறுபடியும் ‘மெதுவா’ என்று சொன்னால் நோய்க்கே தீனி போடுகிறோம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். பிஸ்டல் குறிவைக்கும் பகுதியில் நின்ற கணத்திலிருந்து ஷாட் போகும் வரை எத்தனை விநாடி என்று 20 ஷாட்டுக்குக் குறித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஸ்கோரை எழுதினால் பெரும்பாலும் படம் தெளிந்துவிடும்: பத்துகள் ஒரு குறுகிய நேரத்துக்குள் கூடி நிற்கும், எட்டுகள் அதைத் தாண்டி நிற்கும். அதன் பிறகு பாடம் இரண்டே. அழுத்தம் கை இறங்கும்போதே தொடங்கி, நிற்காமல் ஏறி, நல்ல நேரத்துக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் சுடாமல் கையை இறக்க வேண்டும். இரண்டாவதுதான் பழகியவர்களுக்குக் கடினம். அவர்களுடைய பெருமை தடுக்கும். பயிற்றுநர் பின்னால் நின்று எட்டாவது விநாடியில் ‘இறக்குங்க’ என்று சொல்லிச் சொல்லித்தான் அது பழக்கமாகும். எலெக்ட்ரானிக் டார்கெட்டில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் உண்டு. ஒரு ஷாட்டுக்கு 75 விநாடி. கையை இறக்கி மறுபடி தூக்க நேரம் தாராளமாக இருக்கிறது.

ஸ்கோரை வைத்து ஒருவருடைய தேவையை முடிவு செய்வதும் சரியல்ல. இரண்டு பேர் ஏர் பிஸ்டலில் 563 எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய ஆறு சீரிஸ் (பத்துப் பத்து ஷாட்டாக): 95, 96, 94, 92, 91, 95. மற்றவருடையது: 94, 94, 93, 94, 94, 94. முடிவுப் பட்டியலில் இருவரும் அருகருகே நிற்பார்கள். முதலாமவருக்கு நுட்பம் இருக்கிறது, நான்காம் ஐந்தாம் சீரிஸில் ஏதோ கழன்றுகொள்கிறது. தோள் களைப்பாக இருக்கலாம், பாதம் நகர்ந்திருக்கலாம், இடைவேளையே எடுக்காமல் வேகம் கூடியிருக்கலாம், மொத்த ஸ்கோரைக் கணக்குப் போட ஆரம்பித்திருக்கலாம். அவருக்கு வேண்டியது 30ஆவது ஷாட்டுக்குப் பிறகு பிஸ்டலைக் கீழே வைத்து, உட்கார்ந்து, பாதத்தை மறுபடி சரிபார்க்கும் ஒழுங்கு. இரண்டாமவருக்கு அந்த ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது. அவர் எட்டியிருப்பது நுட்பத்தின் உச்சவரம்பு. அவருடைய கிரிப்பையோ டிரிகரையோ தொடாமல் 94இலிருந்து ஒரு புள்ளிகூட நகராது. இந்த வேறுபாட்டைப் பார்க்க யாராவது ஒருவர் சீரிஸ்வாரியாகக் கணக்கைப் படிக்க வேண்டும். இப்போது யாரும் படிப்பதில்லை.

ரைஃபிளில் பிரச்சினைகள் வேறு. நின்று சுடும்போது 20, 30 ஷாட்டுக்குப் பிறகு ஜாக்கெட்டும் உடம்பும் படிந்து ரைஃபிள் கொஞ்சம் தாழும். சுடுபவர் அதைத் தெரியாமலேயே தோள் தசையால் தூக்கிப் பிடிக்கத் தொடங்குவார். கன்னம் ரைஃபிளின் பின்கட்டையான ஸ்டாக்கில் அழுந்தும் அளவு மாறினால் கண் சைட்டின் நடுவிலிருந்து விலகி, கூட்டமாக விழ வேண்டிய ஷாட்டுகள் ஒரு பக்கம் நீளும். ஸ்காட் போன்ற கருவி இருந்தால் முனையின் தடத்தைக் கணினியில் பார்க்கலாம். கடைசி ஒரு விநாடியில் தடம் எவ்வளவு அகலம், கடைசி 0.2 விநாடியில் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை ஒப்பிட்டால், பிடிப்பின் குறையா டிரிகரின் குறையா என்று சொல்லிவிடலாம். ஒரு விநாடித் தடம் அகலமாக இருந்தால் நிலையைப் பார்க்க வேண்டும். அது சிறியதாக இருந்து கடைசி 0.2 விநாடியில் மட்டும் கோடு இழுத்துக்கொண்டு போனால் விரலைப் பார்க்க வேண்டும். கருவி இதைக் காட்டும், ஆனால் என்ன செய்வது என்று சொல்லாது. படிக்கத் தெரிந்தவர் கூட உட்கார வேண்டும்.

வழிகாட்ட ஆள் இல்லாதபோது பழகியவர்கள் எங்கே திரும்புகிறார்கள் என்பதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். கடைக்கு. புதிய கிரிப், புதிய சைட், வேறு பெல்லட், கடைசியில் வேறு துப்பாக்கி. புதிய பொருள் வந்த முதல் வாரங்களில் கவனம் கூடுவதால் ஸ்கோரும் கொஞ்சம் ஏறும். பிறகு பழைய இடத்துக்கே வரும். கருவியில் செய்ய வேண்டியது இல்லை என்று சொல்லவில்லை. ஏர் பிஸ்டல் டிரிகரின் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் முதல் கட்டத்தையும் இரண்டாம் கட்டத்தையும் எப்படிப் பிரிப்பது என்பதில் நிறைய இருக்கிறது: பெரும்பகுதி எடையை முதல் கட்டம் தாங்கினால் விரலுக்குக் கடைசியில் மிச்சமிருப்பது சிறு அழுத்தம்தான், எல்லாம் இரண்டாம் கட்டத்தில் இருந்தால் சுவரைத் தள்ளுவதுபோல இருக்கும். ரியர் சைட்டின் பள்ளம் மிகக் குறுகலாக இருந்தால் இருபக்க ஒளிக்கோடும் தெரியாமல் கண் திணறும். வயது கூடக் கூட ஃப்ரன்ட் சைட் மங்கத் தொடங்கும், தூரப்பார்வைக்கான கண்ணாடியோடு +0.50 டயாப்டர் அளவில் கூட்டினால் பலருக்கு அது தெளிந்துவிடும். இவை எல்லாம் பயிற்றுநர் பார்த்து, காரணத்தோடு மாற்ற வேண்டியவை. ஆள் இல்லாமல் ஊகத்தில் மாற்றினால் ஒரே மாதத்தில் மூன்று பொருள் மாறும், எது எதைச் செய்தது என்று யாருக்கும் தெரியாது.

இறுதிச் சுற்று தனிப் பாடம். 10 மீட்டரில், பாரிஸ் 2024 வரை நடந்த வடிவத்தில், ஐந்தைந்தாக இரண்டு சீரிஸ், ஒவ்வொன்றுக்கும் 250 விநாடி. அதன் பிறகு கட்டளைக்கு ஒரு ஷாட், ஷாட்டுக்கு 50 விநாடி. 12ஆவது ஷாட்டிலிருந்து ஆட்கள் வெளியேறத் தொடங்குவார்கள். 75 நிமிடத்தைத் தன் இஷ்டப்படி செலவழித்துப் பழகியவர் இங்கே வேறொருவரின் குரலுக்குத் தூக்கி இறக்க வேண்டும். அனுபவம் மட்டும் இங்கே காப்பாற்றாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிளில் அமெரிக்காவின் மாத்யூ எமன்ஸ் முதலிடத்தில் இருந்தபடி கடைசி ஷாட்டில் 4.4 எடுத்து நான்காமிடத்துக்கு இறங்கினார். அவர் 2004இல் தங்கம் வென்றவர். கட்டளைக் குரல், கடிகாரம், பின்னால் கூட்டத்தின் சத்தம், ஒவ்வொரு ஷாட்டுக்கும் உரக்க வாசிக்கப்படும் ஸ்கோர் ஆகியவற்றோடு பயிற்சி செய்ய ஒருவரால் தனியாக முடியாது. அதை நடத்த ஒரு பயிற்றுநர் வேண்டும்.

இனி பயிற்றுநர்களிடம். உங்களில் சிலர் தயங்குவது எங்களுக்குப் புரிகிறது. தன்னைவிட அதிக ஸ்கோர் எடுப்பவருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்ற தயக்கம் அது. நீங்கள் எங்களைவிட நன்றாகச் சுட வேண்டியதில்லை. நாங்கள் பார்க்க முடியாததைப் பார்த்தால் போதும். பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கர் உலகக் கோப்பைத் தங்கங்களை வென்ற பிறகும் அவருக்குப் பயிற்றுநர் தேவைப்பட்டார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் பிரிந்த பயிற்றுநர் ஜஸ்பால் ராணாவிடம் 2023இல் மறுபடி போய்ச் சேர்ந்தார். பாரிஸில் இரண்டு வெண்கலம் எடுத்தபோது அவருக்குப் பின்னால் இருந்தவர் ராணாதான். அந்த அளவில் இருப்பவருக்கே தேவை என்றால் நடுமட்டத்தில் நின்று முட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத் தேவையில்லை என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்கவில்லை. பழகியவர்கள் கற்பிக்க எளிதான மாணவர்கள் அல்லர். சொன்னதற்கு எதிர்வாதம் செய்வார்கள், பேச்சைக் கருவியின் பக்கம் இழுப்பார்கள், இரண்டு நாளில் ஸ்கோர் இறங்கினால் பழைய முறைக்கே ஓடுவார்கள். பழகிய அசைவை மாற்றினால் ஸ்கோர் சில வாரமாவது இறங்கத்தான் செய்யும், அதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பாடத்தைப் போட்டிகள் இல்லாத காலத்தில் வைக்க வேண்டும் என்கிறோம்; முக்கியப் போட்டிக்கு முந்தைய வாரங்களில் யாருடைய கிரிப்பையும் பாதத்தையும் தொடக் கூடாது. வகுப்புக்கு வருபவர்கள் டைரி எழுதுவோம், சொன்ன பயிற்சியைச் சொன்ன காலம் வரை மாற்றாமல் செய்வோம், அந்தக் காலம் முடியும் வரை புதிய கருவி வாங்கமாட்டோம். இதற்கு உடன்படாதவரை நீங்கள் வகுப்பிலிருந்து நிறுத்தினால் நாங்கள் கேள்வி கேட்கமாட்டோம்.

பழகியவர்களைப் புதியவர்களின் கூட்ட வகுப்பில் பின்வரிசையில் நிறுத்திச் சமாளிக்கலாம் என்று ஒரு யோசனையும் காதில் விழுந்தது. அது வேண்டாம். பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் சொல்லும் பாடம் அடிப்படை வரிசையைப் பற்றியதாகத்தான் இருக்க முடியும். அங்கே நிற்பவருக்கு நேரமும் வீண், அவருடைய இடத்தில் நிற்க வேண்டிய ஒரு புதியவருக்கும் நஷ்டம்.

எனவே நாங்கள் கேட்பது இவை.

அறிவிப்பை முழுக்கத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. பயிற்றுநர்களின் வார நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் போட்டிக்குச் சுடும் உறுப்பினர்களுக்கு ஒதுக்குங்கள். புதியவர்களின் கூட்டம் குறையும் நேரத்தில், இரவு கடைசி வகுப்பாக இருந்தாலும் சரி.

அந்த நேரம் தனி வகுப்பாக இருக்கட்டும், ஒருவருக்கு 90 நிமிடம். முதல் வகுப்பில் பயிற்றுநர் முதலில் கடந்த சில போட்டிகளின் சீரிஸ் கணக்கைப் படிக்க வேண்டும். பிறகு குறைந்தது 30 ஷாட் எதுவும் பேசாமல் பார்க்க வேண்டும். ஸ்டாப்வாட்ச்சும், பக்கவாட்டிலிருந்து மணிக்கட்டைப் படம்பிடிக்கும் ஒரு செல்போனும் இருந்தால் போதும். முடிவில் ஒரே ஒரு குறையை மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான ஒரு பயிற்சி, அதை வாரத்தில் எத்தனை நாள், எத்தனை ஷாட், எதை அளந்து பார்ப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, டார்கெட் அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் 20 ஷாட், பிறகு டிரை ஃபயர் 20, நான்கு நாள். ஐந்து குறைகளைச் சொல்லி அனுப்பினால் எதுவும் திருந்தாது. மூன்றாவது வாரத்தில் அதே சோதனையை மறுபடி செய்து, மாற்றம் வந்ததா என்று பார்த்த பிறகே அடுத்த குறைக்குப் போக வேண்டும்.

பயிற்றுநர்களில் ஒருவரையாவது மேல்நிலைப் பயிற்சி தரும் பொறுப்புக்குத் தனியாக நியமியுங்கள். அவர் பிஸ்டலிலும் ரைஃபிளிலும் ஒருசேரத் தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் வேறு வேறு ஆட்களைப் போட்டாலும் நல்லதே. சங்கத்திடம் தடம் பதியும் கருவி இருந்தால் அது அலமாரியில் பூட்டிக் கிடக்கக் கூடாது, முன்பதிவுப் புத்தகம் வையுங்கள்; இல்லையென்றால் அடுத்து வாங்கும் பொருள்களில் அதை முதலில் வையுங்கள்.

மாதம் ஒருமுறை இறுதிச் சுற்றுப் பயிற்சி நடத்துங்கள். எட்டு லேன், கட்டளை சொல்ல ஒருவர், ஒலிபெருக்கியில் ஸ்கோர். இளையோரையும் அதில் சேர்த்துவிடலாம், அவர்களுக்கும் பயன்படும்.

வகுப்புக்கான கட்டணம் தனியாக வைப்பதானால் வையுங்கள், கொடுக்கிறோம். அதைக் காரணம் காட்டி வகுப்பையே நிறுத்தாதீர்கள்.

ஆறு மாதம் நடத்திப் பார்த்து, வந்தவர்களின் சீரிஸ் கணக்கை முன்னும் பின்னும் ஒப்பிட்டு, பலன் இல்லையென்றால் அப்போது நிறுத்துங்கள். இந்தக் கோரிக்கையை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். எங்களில் இருவர் நேரில் வந்து பேச அனுமதி தர வேண்டும். ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும்.

இப்படிக்கு,
போட்டிக்குச் சுடும் உறுப்பினர்கள்